வரிசையில் நூற்று நாற்பத்து மூன்று செருப்புகள்

கீழே சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குடிக்கிற தண்ணீர் மேல் சத்தியம், சட்டைப்பையில் இருக்கும் தீவுவாசி அட்டை மேல் சத்தியம், நாரியல் டிக்ரி உப்பங்கழியில் படுத்திருக்கும் முதலை மேல் சத்தியம். முதல் இரண்டையும் நம்பாதவர்கள் மூன்றாவதையாவது நம்பலாம். அந்த முதலை இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

திக்லிபூரிலிருந்து வடக்கே போய், தார் ரோடு அலுத்துப்போய் நின்றுவிடும் இடத்தில் ஒரு பஜார் இருக்கிறது. பஜாருக்கு எதிரே உப்பங்கழி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மேடு, மேட்டில் தென்னை, தென்னைக்கு நடுவே வீடுகள். அதுதான் நாரியல் டிக்ரி. படகில் ஏறினால் இருபது நிமிடம். நடந்து போகலாம் என்றால் காடு சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர், அதில் அட்டைக்குக் கொடுக்கும் ரத்தம் தனி. ஆகவே அந்த ஊருக்கு ரோடு, பஸ், ஆம்புலன்ஸ், கல்யாண ஊர்வலம் எல்லாமே அரசாங்கப் படகுதான். காலை ஆறு மணிக்கு ஒன்று. சாயங்காலம் ஐந்தே காலுக்குத் திரும்பி வரும்.

தீவுகளில் வரிசையில் நிற்பது மனிதர்களின் வேலை அல்ல என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கப்பல் டிக்கெட் கவுண்டரோ, ரேஷன் கடையோ, சிலிண்டர் வண்டியோ, வருகிறவர் இடது செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். செருப்பு நிற்கும். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சி, தமிழ் என்று எந்த வீட்டுக்காரரும் இன்னொருவர் செருப்பைத் தாண்டமாட்டார். போர்ட் பிளேரில் ஒருவர் கப்பல் டிக்கெட்டுக்குச் செருப்பை விட்டுவிட்டுப் போய், பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். செருப்பு கவுண்டரிலிருந்து மூன்றாவதாக நின்றது. முதல் இரண்டு செருப்புகளின் சொந்தக்காரர்கள் இன்னும் வரவில்லை.

இந்த வழக்கம்தான் நாரியல் டிக்ரியைக் கவிழ்த்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், எந்தப் படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா தனிப் படகில் வந்து ஜெட்டியில் இறங்கினார். மெயின்லேண்டிலிருந்து வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஜெட்டியில் நாற்பத்து மூன்று செருப்புகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் மேட்டின் மேலே ராஜகுமாரியின் டீக்கடையில் இருந்தார்கள். நாற்பது படி ஏறினால் டீக்கடை. குமாஸ்தாவுக்கு அல்சர், டீ குடிக்கமாட்டார். ஏறவில்லை. ஒரு தாளை எடுத்து, 'பயணிகள்: இல்லை. கைவிடப்பட்ட காலணிகள்: நாற்பத்து மூன்று' என்று எழுதிவிட்டு, ஆறு மணிப் படகு வருவதற்கு முன்பே போய்விட்டார்.

நாற்பது நாளில் படகு நின்றது. அதற்கடுத்த மாதம் ஊரின் எட்டாம் வகுப்புப் பள்ளிக்கூடத்தையும் பஜார் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். படகு போகாத ஊருக்கு வாத்தியார் எப்படிப் போவார் என்பது அவர்கள் கேள்வி. நர்ஸம்மா வருவதும் நின்றது. படகு நின்ற பிறகு உப்பங்கழியில் நேரம் தவறாமல் வந்துபோனது அந்த முதலை ஒன்றுதான்.

சுகுணாவுக்கு இதில் போனது மகள்.

கணவன் சண்முகத்துக்குக் கேம்பல் பேயில் ரோடு வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை கப்பலில் வந்து போவான். வீட்டில் சுகுணாவும் மகள் கார்த்திகாவும்தான். கார்த்திகா பஜார் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது. காலைப் படகில் போய் மாலைப் படகில் வந்துகொண்டிருந்தவளை, படகு நின்றதும், பஜாரில் செலின் டீச்சர் வீட்டின் பின்னறையில் விட வேண்டியதாயிற்று. ஐந்து மாதத்தில் சுகுணா மகளைப் பார்த்தது நான்கு முறை. நான்காம் முறை போனபோது கார்த்திகா அம்மாவுக்கு டீ போட்டாள். வீட்டில் இருவரும் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பவர்கள். அன்று அவள் கொண்டுவந்தது பூப்போட்ட கோப்பையும் சாஸரும், ஓரத்தில் இரண்டு பிஸ்கட்டும். விருந்தாளிக்குக் கொடுக்கிற டீ. சுகுணா பிஸ்கட்டைத் தொடவில்லை.

"ஏம்மா, சக்கரை கம்மியா?"

"எல்லாம் சரியாத்தான்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சாஸரையே நினைத்துக்கொண்டு வந்தாள். படகு திரும்ப வர வேண்டும், மகள் மாலையில் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு. அதற்கு யார் சட்டையைப் பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

சட்டை தானாகவே வந்தது. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. இரண்டு முறை பிரதானாக இருந்த காண்டிராக்டர் பாலகுமார் மூன்றாம் முறையும் நின்றார். வெள்ளைச் சட்டை, ஸ்பீட் போட், மைக் செட்டோடு நாரியல் டிக்ரி ஜெட்டியில் வந்து இறங்கினார். எதிர்த்து நின்றவர் பஜாரில் பிளவுஸ் தைக்கும் பென்னி. அவரிடம் ஸ்பீட் போட் கிடையாது. அதனால் இந்தப் பக்கம் வரவே இல்லை.

"என் அன்பான வாக்காளப் பெருமக்களே" என்று பாலகுமார் மைக்கில் ஆரம்பித்தார்.

சுகுணா முன்னால் வந்தாள். "பிரதான் அண்ணே, மைக்கைக் கொஞ்சம் கீழ வைங்க. போட் எப்ப வரும்?"

"அதைக் கேக்காம இருப்பேனா சுகுணா? ஆபீஸ்ல பைலையே எடுக்கச் சொல்லிப் பாத்துட்டேன். பாசஞ்சர் யாருமே இல்லன்னு எழுதி வச்சிருக்கான். நான் க்யா பண்றது?"

"அதுக்குக் கீழ, சரிபாத்தேன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

பாலகுமார் தொண்டையைச் செருமினார். மைக் அதை உப்பங்கழி முழுக்கக் கேட்கவைத்தது. "அது சும்மா ரொட்டீன்மா. தினம் ஐம்பது பேப்பர் வரும்."

"பாசஞ்சரே இல்லன்னா நாங்கள்லாம் யாரு?"

"நீங்க ஓட்டர்ஸ்!"

"பாசஞ்சர் இல்லாத ஊர்ல ஓட்டர் மட்டும் எப்படிண்ணே வந்தோம்? உங்க போட்ல நீங்களே ஏத்திட்டு வந்தீங்களா?"

டீக்கடைப் பக்கமிருந்து சிரிப்பு இறங்கி வந்தது. பாலகுமாரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது. "ஓட்டுப் போடற அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு ஸ்பெஷல் போட் வரும். பக்கா. என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஸ்பீட் போட்டில் ஏறினார். பள்ளிக்கூடம் போனதோடு வாக்குச்சாவடியும் அக்கரைக்குப் போயிருந்தது என்பதை அப்போதுதான் ஊரில் பலபேர் கவனித்தார்கள்.

தேர்தல் நாள் வந்தது. விடிவதற்குள்ளேயே ஊர் ஜெட்டிக்கு வந்துவிட்டது. நூற்று நாற்பத்து மூன்று வாக்காளர்கள். பழக்கதோஷம், எல்லோரும் இடது செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு டீக்கடைக்கு ஏறிவிட்டார்கள்.

ஏழு மணி ஆயிற்று, படகு இல்லை. பத்து மணிக்கும் இல்லை. அந்த ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது ராஜகுமாரி கடைத் தென்னையின் நான்காவது மட்டையில் மட்டும்தான். பழனியாண்டி ஏறினார். வயது எழுபத்தொன்று, காட்டிலாகா யானை முகாமில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். யானை மேல் ஏறிப் பழகியதால் தென்னை அவருக்கு உயரமாகவே தெரியாது. அங்கிருந்து ஆபீஸுக்குப் பேசிவிட்டு, இறங்காமலே கத்தினார்.

"ஏ சுகுணா! எந்த ஊருக்கு எத்தனை பாசஞ்சர்னு பழைய பைலைப் பாத்துத்தான் ஸ்பெஷல் போட் பிரிச்சாங்களாம்! நம்ம ஊருக்கு நேரே இங்கிலீஷ்ல நில்லுன்னு, ஒருத்தருமே இல்லன்னு இருக்காம்! அதனால போட்டும் நில்லு!"

ராஜகுமாரி அடுப்பைக் குறைத்தாள். சிலர் வீட்டுக்குப் போவதற்காக எழுந்தார்கள்.

"ஓட்டுப் போடலன்னா போகுது போ. போட்டு மட்டும் என்னத்தக் கண்டோம்" என்றார் ஒருவர்.

"நாம போடலன்னா என்ன எழுதுவான் தெரியுமா?" என்றாள் சுகுணா. "ஓட்டர்ஸ் நில்லுன்னு எழுதுவான். அடுத்த வருஷம் நாம ரேஷன்லயும் இருக்கமாட்டோம்."

சொல்லிக்கொண்டே ஜெட்டியைப் பார்த்தாள். நீலப் பட்டை, சிவப்புப் பட்டை, ஊக்கு குத்திய பட்டை, கம்பி கட்டிய பட்டை என்று நூற்று நாற்பத்து மூன்று இடது செருப்புகளும் ஒரு கோணல் இல்லாமல் அக்கரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. காலையிலிருந்து ஒன்றும் நகரவில்லை. ஒன்றும் அலுத்துக்கொள்ளவும் இல்லை.

"மாமா, இறங்குங்க" என்றாள். "நாம போக முடியலன்னா என்ன? லைன் போகட்டும்."

செருப்புகளை மூட்டையாகக் கட்டினால் வரிசை கலைந்துவிடும். யார் முன்னால், யார் பின்னால் என்று ஊரே ரெண்டுபடும். அதனால் ஒரு நீளமான தேங்காய்க் கயிற்றை எடுத்து, முதல் செருப்பிலிருந்து கடைசிச் செருப்பு வரை பட்டைகளுக்குள் கோத்தார்கள். வலது செருப்பை அவரவர் காலிலேயே வைத்துக்கொண்டார்கள். கயிற்று மாலை பழனியாண்டியின் டுங்கியில் ஏறியது. டுங்கி என்பது சின்ன மரப்படகு. அது ஒழுகும். பழனியாண்டி அதை ஒத்துக்கொள்ளமாட்டார். கடல்மட்டம் உயர்ந்துவிட்டது என்பார். அதில் இரண்டு பேருக்கு மேல் ஏறினால் நான்கு பேருக்குக் காரியம் செய்ய வேண்டிவரும். ஆகவே சுகுணாவும் பழனியாண்டியும் மட்டும் புறப்பட்டார்கள்.

நடுக் கழியில் முதலை வந்தது. பன்னிரண்டு முழம் இருக்கும். டுங்கிக்குப் பக்கத்திலேயே, ஒரே வேகத்தில், அவசரமில்லாமல் வந்தது. பழனியாண்டி அதட்டிப் பார்த்தார். யானைக்குச் சொல்கிற வார்த்தைகள்; முதலைக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தது.

சுகுணா தண்ணீர் இறைக்கும் டப்பாவை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். "லைன்ல வா" என்றாள்.

முதலை வாயை மூடிக்கொண்டு படகுக்குப் பின்னால் போனது. தீவு முதலைதானே. ஆனால் பின்னால் போகும்போது, கயிற்று மாலையின் தண்ணீரில் தொங்கிய நுனியிலிருந்து கடைசிச் செருப்பைக் கவ்விக்கொண்டது. அது மண்டல் தாதாவின் செருப்பு. நூற்று நாற்பத்திரண்டு செருப்புகளோடு டுங்கி பஜார் கரையைத் தொட்டபோது மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் திருநாவுக்கரசு போர்ட் பிளேரில் ஒரு ஆபீஸில் சூப்பிரண்டு. விதி மீறாத மனுஷர். ஒரே ஒரு முறை மீறியிருக்கிறார், அதுவும் கனவில். சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார். விழித்ததும் தனக்குத்தானே ஒரு மெமோ எழுதிக்கொண்டு, மறுநாளே விளக்கமும் கொடுத்தார். மணி ஐந்தானதும், விதிப்படி வரிசையில் இருக்கிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க வெளியே வந்தார். சீட்டைக் கடைசி ஆளிலிருந்து கொடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கப்புறம் யாரும் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, குழாயிலிருந்து பாதாம் மரம் வரை, மரத்தைச் சுற்றி கேட் வரை செருப்புகள் நின்றன. கடைசியில் சுகுணா நின்றாள்.

"இது என்னம்மா?"

"லைன் சார்."

"ஆளுங்க எங்கே?"

"அக்கரையில. போட் வரல. வந்ததும் வந்துருவாங்க."

"செருப்பு எப்படிம்மா ஓட்டுப் போடும்?"

"செருப்பு ஓட்டுப் போடாது சார். செருப்பு நிக்கும். ஆளு வந்து ஓட்டுப் போடும்."

பாலகுமாரின் பூத் ஏஜெண்டு அஸ்வின் ஓடி வந்தான். "சார், இது என்ன பாகல்பன்? செருப்பு மனுஷனா? தூக்கி வெளிய போடச் சொல்லுங்க சார்!"

சுகுணா அவனைப் பார்க்கவே இல்லை. அலுவலரையே பார்த்தாள். "சார், நீங்க போர்ட் பிளேர்லேருந்து எதுல வந்தீங்க?"

"கப்பல்லதான்."

"டிக்கெட்டுக்கு லைன்ல யாரு நின்னது?"

திருநாவுக்கரசு தன் இடது காலைப் பார்த்தார். பிரவுன் தோல் செருப்பு. பொய் சொல்வது விதிக்கு மாறானது.

"செருப்புதான் நின்னது."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"முடி வெட்டிக்கப் போயிருந்தேன்."

"செருப்பு மனுஷன் இல்லன்னா அந்த டிக்கெட் செல்லாது. டிக்கெட் செல்லாதுன்னா நீங்க கப்பல் ஏறவே இல்ல. நீங்க ஏறலன்னா இந்த பூத்து நடக்கவே இல்ல. காலைலேருந்து இங்க விழுந்த அறுநூத்துச் சொச்சம் ஓட்டும் காலி. இந்தத் தம்பியோட பிரதானுக்கு விழுந்ததும் சேத்துத்தான்." அப்போதுதான் அஸ்வின் பக்கம் திரும்பினாள். "தூக்கி வெளிய போடச் சொல்லட்டுமாப்பா?"

அஸ்வின் பாதாம் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டான்.

திருநாவுக்கரசு விதிப் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். 'முடியும் நேரத்தில் வரிசையில் இருப்பவர்கள்' என்று போட்டிருந்தது. எப்படி இருக்க வேண்டும் என்று போடவில்லை. பெருமூச்சு விட்டார். குனிந்து, சுகுணாவிடம் முதல் சீட்டைக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு செருப்பின் பட்டையிலும் ஒரு சீட்டாகச் செருகிக்கொண்டே வாசல் வரை வந்து நிமிர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

மேலிடத்திலிருந்து போன் வந்தது.

"என்னய்யா, எல்லா பூத்தும் முடிஞ்சிருச்சு. பெட்டி ஏத்தக் கப்பல் நிக்குது. உங்களுக்கு எத்தனை பேர் பாக்கி?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு சார்."

"எங்க இருக்காங்க?"

"லைன்ல இருக்காங்க சார்."

"அப்ப ஓட்டுப் போடச் சொல்லு."

"ஆளு இன்னும் வரல சார்."

"வரலன்னா மூடிட்டு வாய்யா!"

"எப்படி சார் மூடறது? லைன்ல இருக்காங்களே."

போன் வைக்கப்பட்டது. வைத்தவர் வேறொருவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரை. எல்லோருமே எப்போதாவது கப்பல் டிக்கெட்டுக்குச் செருப்பு விட்டவர்கள். யாராலும் அடித்துப் பேச முடியவில்லை.

மறுநாள் காலை, கரையில் ஒரு செருப்பு ஒதுங்கிக் கிடந்தது. குதிகால் பக்கம் இரண்டு பல் தடம். மண்டல் தாதாவுடையது. திருநாவுக்கரசு அதைக் கையில் எடுத்துப் பார்த்து, நேற்றே புறப்பட்டுவிட்டது, வழியில் தாமதம் என்று குறித்துக்கொண்டு, சுகுணாவுக்குப் பின்னால் நிற்க அனுமதித்தார். சுகுணாவின் செருப்பும் அந்தக் கயிற்றில் வந்ததுதான் என்பதால் கணக்கு நூற்று நாற்பத்து மூன்று. ஊர்க்கணக்கோடு சரியாகப் போயிற்று. வெயில் ஏறியதும், வரிசையில் நிற்கும் வாக்காளர்களுக்கு நிழல் கொடுக்க வேண்டும் என்று தார்பாய் கட்டச் சொன்னார். குடிதண்ணீர்ப் பானை வைத்தார். முதியோர் செருப்பு எது என்று விசாரித்து, அவற்றை ஒரு பெஞ்சில் ஏற்றிவைத்தார். ஒரு நாய் வந்து சிவப்புப் பட்டை ஒன்றைக் கவ்வியபோது, வாக்காளரை மிரட்டியதாக அதை நூறு மீட்டருக்கு அப்பால் துரத்தினார்கள்.

நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு என்றால் சும்மாவா? மத்தியானம் பாலகுமாரே வந்தார். செருப்பு வரிசைக்கு முன்னால் நின்று, வேறு வழி தெரியாமல், இரண்டு கையையும் கூப்பினார். பஜாரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நீலப் பட்டைக்கு ஒரு கும்பிடு, சிவப்புப் பட்டைக்கு ஒரு கும்பிடு. ஊக்கு குத்திய செருப்புக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தார்.

"போதும்ண்ணே. சரிபாத்துட்டீங்கல்ல?" என்றாள் சுகுணா. "எத்தனை இருக்குன்னு நல்லா எண்ணிக்கிட்டீங்களா? கையெழுத்துப் போடணுமே."

"சுகுணா, ஏன் இப்படி மானத்தை வாங்கற? சாயங்காலமே ஸ்பெஷல் போட் அனுப்பறேன். எல்லாரையும் கூட்டிட்டு வந்துரலாம். முடிஞ்சுது."

"ஸ்பெஷல் போட்ல வந்தா ஸ்பெஷலா ஒரு நாள் வருவோம். அப்புறம்? எங்களுக்கு ஆறு மணி போட் வரணும். எப்பவும் வந்த அதே போட். அதே போர்டு."

ஆனாலும் ஸ்பெஷல் போட் போனது. அதற்கு முன்பே சுகுணா சொன்னது நான்காவது மட்டை வழியாக ஊருக்குப் போயிருந்தது. நாரியல் டிக்ரி ஜெட்டியில் ஊரே ஒரு கால் செருப்போடு நின்றுகொண்டிருந்தது. படகோட்டும் செராங் கூப்பிட்டார்.

"ஏறுங்க, ஏறுங்க! ஃப்ரீ!"

"இது எங்க போட் இல்ல பாய்" என்றாள் ராஜகுமாரி, படி மேலிருந்தே. "நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க."

செராங் டீ குடித்தார். நாற்பது படி ஏறி அந்தக் கடையில் டீ குடித்த முதல் அரசாங்க ஆள் அவர்தான். திரும்பிப் போய், 'பயணிகள் இருக்கிறார்கள், ஏற மறுக்கிறார்கள், டீ நன்றாக இருக்கிறது' என்று ரிப்போர்ட் கொடுத்தார். நாரியல் டிக்ரியில் பயணிகள் இருக்கிறார்கள் என்று ஒரு பைலில் எழுதப்பட்டது அதுவே முதல் முறை.

அந்த இரண்டு நாளும் சுகுணா, செலின் டீச்சர் வீட்டுப் பின்னறையில் மகளோடு இருந்தாள். சீட்டை ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அம்மா, கிளாஸ்ல எல்லாரும் உன்னைப் பத்தியேதான் பேசறாங்க. செருப்பம்மான்னு பேரு வச்சிட்டாங்க" என்றாள் கார்த்திகா.

"சிரிக்கிறாங்களாடி?"

"காலைல சிரிச்சாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் பாதிப் பேரு லெஃப்ட் செருப்பு இல்லாம வந்திருந்தாங்க. ஹெட்மாஸ்டர் கேட்டதுக்கு, லைன்ல நிக்குது சார்னுட்டாங்க."

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். மகள் அன்றைக்கு டீயைப் பூப்போட்ட கோப்பையில்தான் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் டம்ளர் கிடையாது.

மூன்றாம் நாள் காலை உத்தரவு வந்தது. கையெழுத்து, முத்திரை, நகல் எல்லாம் முறைப்படி. நாரியல் டிக்ரி படகு: காலை ஆறு, மாலை ஐந்தே கால். தினசரி. மறு உத்தரவு வரும்வரை என்று ஒரு வரி இருந்தது. சுகுணா அதை அடித்துவிட்டு வரச் சொன்னாள். அடித்துவிட்டு வந்தார்கள். திருநாவுக்கரசு அதை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, நோட்டீஸ் பலகையில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார். அன்று மட்டும் ஆறு மணிப் படகு எட்டு மணிக்குப் புறப்பட்டது. பழைய போர்டையே துடைத்து மாட்டியிருந்தார்கள்.

ஊர் வந்து இறங்கியது. எல்லோரும் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஒன்றுமில்லாமல், சூடான தார் ரோட்டில் குதித்துக் குதித்து வந்தார்கள். திருநாவுக்கரசு ஒவ்வொருவர் அட்டையையும் பார்த்தார். பிறகு, கூடுதல் எச்சரிக்கையாக, காலில் இருக்கும் வலதும் வரிசையில் இருக்கும் இடதும் ஜோடிதானா என்றும் பார்த்தார். இடது செருப்பில் கால் நுழைந்ததும் விரலில் மை வைத்தார். மண்டல் தாதாவிடம் மட்டும், இந்தப் பல் தடம் உங்களுடையதா என்று கேட்டார். இல்லை என்றதும் எழுதிக்கொண்டார்.

வரிசை கரைந்தது. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம். பெட்டியைத் திறந்தபோது பாலகுமார் நூற்று நாற்பத்து இரண்டு ஓட்டில் தோற்றிருந்தார். முந்தின ஓட்டெல்லாம் சரிக்குச் சரி. மிச்சம் ஒரு ஓட்டில் பெயருக்கு நேரே முத்திரை குத்தாமல், 'படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது செல்லாது. ஜெயித்த தையல்காரர் பென்னி மாலையைக் கழற்றி டேப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தார்: எந்த ஊரைப் பற்றிக் கையெழுத்துக் கேட்டாலும், முதலில் அந்த ஊர் டீக்கடை வரை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

அன்று சாயங்காலம் ஐந்தே காலுக்குப் படகு கிளம்பியது. கார்த்திகா பெட்டி, புத்தகம், தலையணை எல்லாவற்றோடும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழனியாண்டியின் டுங்கியைப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். கடல்மட்டம் இன்னும் இறங்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கும் பின்னால் முதலை, வரிசை தவறாமல். வீட்டுக்குப் போனதும் சுகுணா அடுப்பு மூட்டினாள். மகள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவி வைத்தாள்.

இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், ஆறு மணிப் படகில் ஏறிப் போய் சுகுணாவிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

நாரியல் டிக்ரிக்குப் படகு நின்று இந்தப் பங்குனியோடு மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை.